கற்பிக்கும் முன் கற்போம்

ஆங்கிலம் கற்பிக்கச் செல்பவருக்கு மொழிப்புலமை மட்டும் போதுமா? தாம் பணியாற்றவிருக்கும் பள்ளியை முன்னரே சென்று கண்டு, அங்குள்ள குழந்தைகளின் பேச்சையும் வாழ்வையும் அறிந்துகொள்வது ஏன் இன்றியமையாதது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திருப்பத்தூர் மாவட்டத்தில், சவ்வாது மலைமீது அமைந்துள்ள ஊராட்சி நெல்லிவாசல்நாடு. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு என ‘நாடு’ என்று முடியும் பெயர்கள் இம்மலையில் இன்னும் உண்டு. இங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் அவ்வாறிருப்பினும் அவர்கள் பேசும் மொழி தமிழே. சாமையும் கேழ்வரகும் விளையும் சரிவுகளும், புளியும் பலாவும் தேனும் தரும் மலைக்காடும் அவர்தம் வாழ்வின் ஆதாரங்கள்.

இம்மலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்க வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒருவர் வருகிறார் எனக் கொள்வோம். அவர் வந்தவுடனே கரும்பலகையின் முன் நின்று பாடத்தைத் தொடங்கலாமா? அல்லது அதற்கு முன் ஒரு நாளேனும் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்க வேண்டுமா? கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

பிழையா, மொழி மரபா?

அவ்வாறு அமர்ந்திருப்பவரின் செவியில் முதலில் விழுவது குழந்தைகளின் ஒலிப்பு. ‘ஸ்கூல்’ என்பதை ஒரு குழந்தை ‘இஸ்கூல்’ என்கிறது. அறியாதார் அதனைப் பிழை என்று ஒதுக்கிவிடுவர். மொழிக்கு முதலில் மெய்யெழுத்து வாராது என்பது தமிழ் இலக்கணம். வடசொற்களை இராமன், உலோகம் என உயிரெழுத்தை முன்னிட்டு நாம் வழங்கிய மரபை ஒத்ததே அக்குழந்தையின் ஒலிப்பும்.

தொடரமைப்பிலும் இவ்வேறுபாடு உண்டு. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் அது எழுவாயை அடுத்து வரும். ‘எனக்குப் பசிக்கிறது’ என்று சொல்லிப் பழகிய குழந்தை, ‘ஐ ஆம் ஹங்கிரி’ என்னும் தொடரில் தானே எழுவாயாக நிற்பதைக் கண்டு தடுமாறுவது இயல்பு. இவற்றை முன்னரே உணர்ந்த ஆசிரியர் பிழையைக் கண்டு சினவார். அது எங்கிருந்து பிறந்தது என்பதை விளக்குவார். தன் மொழி இகழப்படவில்லை என்று அறிந்த குழந்தையே அடுத்த சொல்லைத் துணிந்து பேசும்.

முன்னோர் காட்டிய வழி

1838இல் சென்னைக்கு வந்த கால்டுவெல், தமிழ் கற்றபின் 1841இல் தென்திசை நோக்கி நடந்தே புறப்பட்டார். வழிநெடுக ஊர்களையும் மக்களையும் கண்டறிந்த பின்னரே இடையன்குடியில் தம் பணியைத் தொடங்கினார்.

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், அயலார் வாழ்வைச் சித்திரித்த வாசிப்பு நூல்கள் அவர்கள் நெஞ்சைத் தொடவில்லை எனக் கண்டார். ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு வேண்டிய சொல் எது எனக் கேட்டார்; அதனை அட்டையில் எழுதிக் கொடுத்து வாசிக்கச் செய்தார். அவ்வனுபவங்களை 1963இல் வெளிவந்த ‘டீச்சர்’ என்னும் நூலில் பதிவு செய்தார். நெல்லிவாசல்நாட்டுக் குழந்தைக்கு அச்சொல் தேனாக இருக்கலாம், கரடியாக இருக்கலாம், நகரத்துப் பேருந்தாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

எது பள்ளி காணல்?

‘பாடத்திட்டம் பெரிது, காலம் குறைவு, ஒரு நாளில் ஓர் ஊரை அறிந்துவிட முடியுமா?’ என்று சிலர் வினவலாம். முழுமையாக அறிய முடியாதுதான். எனினும் தமக்கு எதுவெல்லாம் தெரியவில்லை என்பதை உணர ஒரு நாள் போதும். அவ்வுணர்வு இல்லாதவர் புரியாத பாடத்தை ஆண்டு முழுவதும் நடத்தி இழக்கும் காலமே பெரிது.

பரிசுப் பொருள்களோடும் ஒளிப்படக் கருவியோடும் வந்து, வகுப்பை நிறுத்தி, வரவேற்புப் பாடல் கேட்டுத் திரும்புவது பள்ளி காணல் ஆகாது. தலைமையாசிரியரின் இசைவு பெற்று, அங்குள்ள ஆசிரியர்களிடம் கேட்டறிய வேண்டும். குழந்தைகள் எவ்வளவு தொலைவு நடந்து வருகின்றனர்? விடுதியில் தங்குவோர் எத்தனை பேர்? வீட்டில் படித்துக்காட்ட எவரேனும் உளரா? இவ்வினாக்களுக்கான விடைகளைப் பொறுத்தே வீட்டுப்பாடத்தின் அளவும் கற்பித்தலின் வேகமும் அமைய வேண்டும்.

மற்றொன்றும் நினைவில் நிற்க வேண்டும். ஊரை அறிவது குழந்தையை ஊருக்குள்ளேயே நிறுத்திவிடுவதற்கு அன்று. இதே சவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது, 2.34 மீட்டர் விட்டமுடைய ஆடியைக் கொண்ட அதன் தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. சாமைக்கு ஆங்கிலப் பெயர் கற்கும் மலைக்குழந்தைக்கு அத்தொலைநோக்கி காணும் விண்மீன்களைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்கவும் உரிமை உண்டு. தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்கு அழைத்துச் செல்வதே கற்பித்தல்.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் ஆசிரியராகலாம். கடல்கடந்தும் சென்று கற்பிக்கலாம். ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் இரு சொற்களுக்கும் ஆங்கிலத்தில் ‘வீ’ என்னும் ஒரு சொல்லே உண்டு. முன்னிலையாரை உளப்படுத்துவது ‘நாம்’, விலக்குவது ‘நாங்கள்’. புதிய வகுப்பில் ‘நாம் படிப்போம்’ என்று சொல்லும் தகுதியை, அவ்வகுப்பில் முதலில் அமர்ந்து கேட்டவரே பெறுகிறார்.