கரையில கொட்டுன மண்ணு எங்க போகும்?

வழக்கமா ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு. மூணு நாலு நாள்ல தண்ணி கல்லணைக்கு வந்துடும். பூவும் நெல்லும் தூவி போட்டோ எடுத்துப்பாங்க. இந்தத் தேதி டெல்டாவுல பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். தூர் வார டெண்டர் போடுறவங்களுக்கு மட்டும் வருஷா வருஷம் புதுசா இருக்கே, அது எப்படிங்க?

எங்க தஞ்சாவூர் வடவாத்துல ஜேசிபி இறங்கும்போதே மே மாசம் பாதி ஓடியிருக்கும். 2022-ல மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துட்டாங்க. காவிரி சீக்கிரமா வந்தா சந்தோஷப்படணும். நாமளோ, ‘அய்யய்யோ, இன்னும் தூர் வாரி முடியலையே’ன்னு பதறுறோம்!

சரி, வாருறாங்கல்ல, அதையாவது உருப்படியா? வாருன சேத்தை அங்கேயே கரையில குவிச்சு வச்சுட்டுப் போயிடுறாங்க. குவியலை ஒருநாள் நின்னு பாத்தேன். பாட்டில், டயபர், பாதித் தலகாணி, யாரோ கழட்டிப் போட்ட ஹெல்மெட். நடுவுல கொஞ்சம் மண்ணும் இருந்துச்சு. ஐப்பசி அடைமழை நாலு நாள் ஊத்துனா அத்தனையும் சறுக்கிக்கிட்டு மறுபடி ஆத்துக்குள்ள. அடுத்த மே மாசம் அதே மண்ணுக்கு இன்னொரு பில்லு.

நாம மட்டும் யோக்கியமா? ஆடிப்பெருக்குக்கு அதே ஆத்துல காதோலை கருகமணி விட்டுக் கும்பிட்ட கைதான், மறுநாள் ஸ்கூட்டியை ஓரங்கட்டி கோழிக்கழிவை வீசுது. “ஏண்ணே?”ன்னா, “தண்ணி அடிச்சுட்டுப் போயிடும் தம்பி!” எங்க போகும்? வடவாறு போய்ச் சேர்றது வடுவூர் ஏரிக்கு. எங்கெங்கேயோ இருந்து வர்ற பறவைங்களுக்கு நம்ம ஊர் சீர்வரிசை.

தெருவுல தண்ணி நின்னா காவிரியைத் திட்டுறோம். ஆனா காவிரியில பெருவெள்ளம்னா முக்கால்வாசியைக் கொள்ளிடத்துல தள்ளிவிட்டுடுவாங்க. கார்த்திகையில நம்ம தெரு முழங்கால் ஆழத்துல நிக்கிறதுக்குக் காவிரி மேல பழி போட முடியாது. நம்ம கூரையில பெஞ்ச மழைதான் அது. வடிகால் வாய் அடைச்சிருக்கு, இல்ல அது மேல கடை இருக்கு. ஆறும் நிறைஞ்சு ஓடுனா சாக்கடைத் தண்ணி எதுக்களிச்சு வாசலுக்கே வருது. நாயக்கர் காலத்துல சேவப்ப நாயக்கன் ஏரித் தண்ணியை சிவகங்கைக் குளத்துக்குக் கொண்டுவந்து சேத்த ஊருங்க இது!

கிராமத்துப் பக்கம் போனா, வடிவாய்க்கால் பூரா நெய்வேலிக் காட்டாமணக்கு. வயல் தண்ணி வடிய வழியில்லாம சம்பாப் பயிர் அழுகும். ஏ, பி-ன்னு சொல்ற பெரிய வாய்க்கால்னா நீர்வளத்துறையைப் போய்க் கேக்கலாம். சி, டி-ன்னு சொல்ற சின்ன வாய்க்கால்னா ‘எங்களுது இல்லை’ம்பாங்க. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க மட்டும் டாண்ணு வந்துடுவாங்க.

இப்ப எங்க பக்கத்துப் பாலத்துல குப்பை போடாம இருக்கக் கம்பி வலை அடிச்சிருக்காங்க. அதுல அதுக்குள்ள ஒரு ஓட்டை. கேரி பேக் நுழையுற அளவு, கச்சிதமா அளவெடுத்து வெட்டியிருக்கான் மகராசன். அந்த நேர்த்தியில பாதி தூர் வாருறதுல இருந்தா, நான் ஏங்க இப்படிப் பொலம்பப் போறேன்?