இரண்டு அறை எடுத்தால் போதுமா?

காஞ்சிபுரத்துக்கு ஆறேழு பேராக வந்து இறங்கும் குடும்பத்துக்கு லாட்ஜில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டு ரூமா போட்டுக்குங்க சார், இல்லேன்னா எக்ஸ்ட்ரா பெட் தர்றோம்." குடும்பங்கள் சிறுத்துவிட்டன, இருவர் தங்கும் அறையே இனி வழக்கம், கூட ஆள் வந்தால் அறையைக் கூட்டிக்கொண்டால் தீர்ந்தது என்ற எண்ணம் இந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த எண்ணம், காஞ்சிக்கு யார், எதற்காக வருகிறார்கள் என்று பார்த்தால் நிற்காது.

குடும்பம் சிறுத்தது உண்மைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக நான்கு பேர்கூட இல்லை. ஆனால் அந்தக் கணக்கு ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களைப் பற்றியது. ஒரே வேனில் ஏறிக் காஞ்சிக்கு வருகிறவர்களைப் பற்றியது அல்ல. முகூர்த்தப் புடவை எடுக்க மணப்பெண்ணும் அம்மாவும் மட்டும் வருவதில்லை. அத்தை, சித்தி, மாப்பிள்ளை வீட்டில் இரண்டு பேர், இவர்களோடு பாட்டி. கடையில் வெள்ளை விரிப்பில் புடவைகள் குவியக் குவிய, உடலும் கரையும் சேரும் கோர்வையைப் பாட்டி திருப்பிப் பார்த்து, விரலால் தடவி, சரி என்று சொன்ன பிறகுதான் பில் போடுகிறார்கள். கோயிலுக்கு வருவதும் இப்படித்தான். வரதராஜப் பெருமாள் கோயிலில் நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதர் 2019 ஜூலை 1 முதல் 48 நாள் காட்சி கொடுத்தபோது, 1979-இல் சேவித்தவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தனித்தனி வீடுகளில் வாழ்கிறவர்கள் சேர்ந்திருக்கக் கிடைக்கும் சில நாட்களில் இது ஒன்று. வீடு சிறுத்ததாலேயே இப்படிச் சேர்ந்து வரும் பயணத்துக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

இரண்டு அறை ஒரு பெரிய அறைக்கு ஈடு என்பதும் சரியல்ல. வாடகை இரட்டிப்பாவது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு அறையும் அடுத்தடுத்துக் கிடைக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. முதல் மாடியில் ஒன்று, மூன்றாம் மாடியில் ஒன்று என்றால் இரவில் கைத்தாங்கல் வேண்டிய தாத்தா ஓரிடம், அவரைத் தாங்க வேண்டிய மகன் வேறிடம். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு உதவ அம்மா படியேறி வர வேண்டும். எக்ஸ்ட்ரா பெட் என்பது பெரும்பாலும் தரையில் போடும் மெத்தை. அதை விரித்ததும் குளியலறைக் கதவுக்குப் போக வழியிருக்காது. விடியற்காலை தரிசனத்துக்குப் புறப்படும் அத்தனை பேருக்கும் அந்த ஒரே குளியலறைதான்.

சென்னை 75 கிலோமீட்டர்தானே, அன்றே திரும்பிவிடலாமே என்பார்கள். சென்னைக்காரர்களுக்கு அது சரி. சேலத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வருகிறவர்களுக்கு என்ன சொல்வது? காஞ்சியின் பெரிய கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அந்த நான்கு மணி நேரத்தை ஒரு முதியவர் வேனுக்குள் உட்கார்ந்து கழிக்க முடியாது. எல்லோரும் ஒன்றாகக் காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டும். கல்யாண மண்டபம் எடுக்கலாம் என்பதும் பொருந்தாத யோசனை. ஏழு பேருக்கு மண்டபத்தை யார் தருவார்கள்?

விடுதி நடத்துபவர்களின் தயக்கத்தை அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெரிய அறை கட்டினால் கூட்டமில்லாத நாளில் காலியாகக் கிடக்குமே என்ற கவலை உண்மையானது. இதே கேள்வியைக் கேளிக்கைப் பூங்காக்காரர்களும் சந்தித்தார்கள். ஃப்ளோரிடாவில் 2012-இல் டிஸ்னி திறந்த ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியில் ஆறு பேர் தங்கக்கூடிய, இரண்டு குளியலறை கொண்ட குடும்ப அறைத் தொகுதிகள் மட்டும் 1,120. லாபக் கணக்குப் பார்க்கும் நிறுவனம் அத்தனை அறைகளைத் தருமத்துக்குக் கட்டவில்லை. நமக்கும் இது புதிதல்ல. யாத்திரை வருகிறவர்களைக் குடும்பமாகவே தங்கவைத்தவை நம் சத்திரங்கள். 1863-இல் காசியில் நகரத்தார் தொடங்கிய சத்திரம் இன்றும் இயங்குகிறது.

காலியாகக் கிடக்கும் என்ற கவலைக்குக் கட்டடத்திலேயே விடை உண்டு. பக்கத்துப் பக்கத்து இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு கதவு, இருபுறமும் தாழ்ப்பாள். குடும்பம் வந்தால் திறந்து ஒன்றாக்கிச் சற்றுக் குறைந்த வாடகைக்குத் தரலாம். வராத நாளில் பூட்டித் தனித்தனியே விடலாம். காஞ்சியில் புதிதாக எழும் விடுதிகள் வரைபட நிலையிலேயே இதைச் சேர்த்தால் கூடுதல் செலவு ஒரு நிலைக்கதவோடு முடியும். கட்டி முடித்த பிறகு நினைத்தால் சுவரை இடிக்க வேண்டியிருக்கும்.