வீட்டருகே ஒரு மலை

மலையேற்றம் என்றதும் பலருடைய மனத்தில் எழும் காட்சி ஒன்றே. பனி மூடிய சிகரம், முதுகில் கனத்த சுமை, மூச்சுத் திணறும் வீரர், உச்சியில் பறக்கும் கொடி. மலேசியர்களுக்கு அக்காட்சி பெருமையோடு கலந்தது. 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாகக் கால் பதித்த மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாசும் ஆவர். அச்சாதனை என்றும் போற்றத்தக்கது. ஆனால், அதன் நிழலில் ஒரு தவறான எண்ணமும் வளர்ந்திருக்கிறது. மலை என்பது வீரர்களுக்கும் இளைஞர்களுக்கும் மட்டுமே உரியது. தாத்தா பாட்டிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அங்கே வேலை இல்லை என்பதே அவ்வெண்ணம்.

ஜொகூர் மாநிலத்தின் குன்றுகளை ஒருமுறை பார்த்தவர் அவ்வாறு கருதமாட்டார். குளுவாங் நகரை ஒட்டி நிற்கும் லம்பாக் மலையின் உயரம் 510 மீட்டர்தான். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர் உயரம் கொண்டது என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும். கூலாய்க்கு அருகிலுள்ள பூலாய் மலை 654 மீட்டர். மாநிலத்தின் மிக உயர்ந்த மலையாகிய லேடாங்கூட 1,276 மீட்டரைத் தாண்டவில்லை. இவை அச்சுறுத்தும் மலைகள் அல்ல. அண்டை வீட்டாரைப் போல அருகிலேயே இருப்பவை. எனினும், மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தும் ஒருமுறைகூட அதன் பாதையில் நடக்காத குடும்பங்கள் பல உள்ளன. மாதத்தில் ஒரு காலைப்பொழுதையாவது குடும்பத்தோடு ஒரு குன்றில் கழிப்பது, ஜொகூர்வாழ் குடும்பங்கள் கைக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கமாகும்.

லம்பாக் மலையையே எடுத்துக்கொள்வோம். ‘கெலுவாங்’ என்னும் பழந்தின்னி வௌவாலின் பெயரிலிருந்து தன் பெயரைப் பெற்றது குளுவாங் நகரம். அந்நகரின் மக்களுக்கு லம்பாக் மலை ஓர் உடற்பயிற்சிக் கூடம் போன்றது. விடிந்ததும் விடியாததுமாக அடிவாரத்தில் வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். தொடக்கத்தில் படிகள் உள்ள பாதை, மேலே செல்லச் செல்ல மரவேர்கள் பின்னிக்கிடக்கும் செங்குத்தான ஏற்றமாக மாறுகிறது. உச்சிவரை செல்ல உடல்வலிமை வேண்டும் என்பது உண்மையே. ஆனால், அடிவாரத்தில் உள்ள பொழுதுபோக்கு வனத்தில் நடப்பதற்கும், கீழ்ப்பகுதிப் படிகளில் கொஞ்சதூரம் ஏறி இறங்குவதற்கும் யாரும் வீரராக இருக்க வேண்டியதில்லை. ஏழு வயதுச் சிறுவனுக்கு அதுவே பெரிய காட்டுப் பயணம்.

பூலாய் மலையின் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றிற்காகப் போடப்பட்ட தார்ச்சாலை மலைமீது வளைந்து வளைந்து செல்கிறது. வேர் தடுக்கும், கல் சறுக்கும் என்று அஞ்சுவோர்க்கு அத்தகைய பாதை ஏற்றது. தங்காக் வட்டாரத்தில், லேடாங் மலையின் அடிவாரத்தில் சாகில் நீர்வீழ்ச்சி உள்ளது. லேடாங் இளவரசியின் பழங்கதையைப் பாட்டி சொல்லக் கேட்டுக்கொண்டே பிள்ளைகள் அங்கே கால் நனைக்கலாம். உச்சியை அடையாமலேயே அந்த மலையை அறிந்துகொள்ள முடியும். ஏற்றமே வேண்டாம் என்பவர்களுக்குப் பொந்தியானில் தஞ்சோங் பியாய் இருக்கிறது. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையான அங்கே, சதுப்புநிலக் காட்டின் நடுவே பலகைப் பாதையில் நடந்து செல்லலாம்.

இத்தகைய நடைக்கு முதல் தடையாகச் சொல்லப்படுவது நேரமின்மை. ஜொகூரில் இக்காரணத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பல பெற்றோர் நாள்தோறும் விடியற்காலையில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இருட்டிய பிறகே வீடு திரும்புகின்றனர். 2014ஆம் ஆண்டிலிருந்து ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தபோது, அக்குடும்பங்களின் நிலை இன்னும் கடினமாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத வெள்ளிக்கிழமையில் பெற்றோருக்கு வேலை இருந்தது; பெற்றோர் ஓய்வெடுக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி, சனியும் ஞாயிறும் மீண்டும் வார விடுமுறையாகியுள்ளன. குடும்பத்திற்குத் திரும்பக் கிடைத்த அந்த ஒரு நாளை என்ன செய்வது என்பதே இப்போதைய கேள்வி. பேரங்காடியின் குளிர்சாதன அறைகளில் அது கரைந்துவிடலாம். ஆளுக்கொரு மூலையில் திறன்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதிலும் கழிந்துவிடலாம். காட்டுப் பாதையில் நடக்கும்போதோ பேச்சு தானாகவே பிறக்கிறது. “இது என்ன மரம்? அது எந்தப் பறவையின் குரல்?” என்று பிள்ளை கேட்கிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தாவுக்கு விடை தெரிந்திருக்கிறது. அவர் பால்மரம் சீவிய காலத்துக் கதைகள் வீட்டுக் கூடத்தில் வெளிவருவதைவிட மரநிழலில் எளிதாக வெளிவரும்.

உடல்நலத்தை நினைத்தால் இத்தேவை இன்னும் அவசரமாகிறது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் பாதிப்பேர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். அப்போது ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே இந்நோயின் விகிதம் மிக அதிகம். இந்த எண்கள் ஏதோ ஓர் அறிக்கையில் மட்டும் இருப்பவை அல்ல. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இன்சுலின் மருந்தை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அவற்றின் பொருள் நன்றாகவே தெரியும். பிள்ளைகளும் இளையோரும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடமும் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மாதம் ஒருமுறை மலைக்குச் செல்வதால் மட்டும் இது நிறைவேறிவிடாது. ஆயினும், அடுத்த மலைப்பயணத்திற்காக மாலைதோறும் குடியிருப்பைச் சுற்றி நடக்கும் ஆர்வத்தை அது ஊட்டும்.

“வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மலையேறுவது நடக்கிற காரியமா?” என்று சிலர் கேட்கக்கூடும். தமிழர்கள் கேட்க வேண்டிய கேள்வி அன்று இது. பத்துமலையின் 272 படிகளை ஆண்டுதோறும் எத்தனை பாட்டிமார்கள் ஏறுகின்றனர்! கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தாய்மார்கள் ஏறுகின்றனர். இடையிடையே நின்று இளைப்பாறுகின்றனர். முழங்கால் வலிப்பவருக்கு மகன் கைகொடுக்கிறான். அங்கே யாரும் நேரத்தைக் கணக்கிடுவதில்லை. குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் எவரோ அவருடைய வேகமே எல்லாருடைய வேகமாகிறது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று பெயரிட்டு, அங்கே முருகனைக் கண்ட மரபு தமிழர் மரபு. பக்திக்காக ஏறும்போது இயல்பாக வரும் அந்தப் பொறுமையை, நலத்திற்காகவும் மகிழ்ச்சிக்காகவும் ஏறும்போதும் கடைப்பிடித்தால் போதும்.

பாதுகாப்பு பற்றிய அச்சம் நியாயமானது. அதை ஏளனம் செய்யக் கூடாது. 2001ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ‘வாமேய்’ சூறாவளி ஜொகூரைத் தாக்கியது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் சூறாவளி உருவாவது மிக அரிது. அம்மழையால் பூலாய் மலையில் நிலச்சரிவு நேர்ந்து, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. நல்ல வெயில் காலத்தில் நட்பாகத் தோன்றும் மலை, பெருமழையில் முகம் மாறிவிடும் என்பதற்கு அந்நிகழ்வு சான்று. ஆகவே, மலைக்குச் செல்லாமல் இருப்பதைவிட, எப்போது செல்லக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்வதே அறிவுடைமை. வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் நாள்களில் மலையையும் ஆற்றையும் தவிர்க்க வேண்டும். மற்ற மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது ஜொகூரின் இயல்பு. காலை ஏழரை மணிக்கு நடக்கத் தொடங்கிப் பதினொரு மணிக்குள் இறங்கிவிட்டால், வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் தப்பலாம். ஓடையின் நீர் திடீரென்று கலங்கினாலோ, நீர்மட்டம் உயர்ந்தாலோ உடனே கரையேறிவிட வேண்டும். மேலே எங்கோ மழை பெய்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி.

மற்ற முன்னேற்பாடுகள் எளியவை. பாதை திறந்திருக்கிறதா, அனுமதி தேவையா என்பதைப் புறப்படும் முன்பே வனத்துறையிடமோ பூங்கா நிர்வாகத்திடமோ கேட்டறிய வேண்டும். சில மலைகளில் பதிவும் வழிகாட்டியும் கட்டாயம். எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். பிடிப்புள்ள காலணி, போதிய குடிநீர், மழையங்கி, நீரிழிவு உள்ளவர்க்கு மருந்தும் இனிப்பும், நிறைய மின்னூட்டம் கொண்ட கைப்பேசி ஆகியவை பையில் இருந்தால் போதும். நீண்ட காலுறையை அணிந்துகொண்டால் அட்டைக்கடியைக் குறைக்கலாம். குரங்குகளுக்குத் தீனி போடுவது இரக்கம் அன்று. மனிதரிடம் உணவைப் பறிக்க அது அவற்றைப் பழக்கிவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, களைத்தவர் “போதும்” என்று சொன்னதும் அனைவரும் திரும்பிவிட வேண்டும். பாதி வழியில் திரும்பியதால் யாரும் தோற்றுவிடுவதில்லை. மலை அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும்.

மக்கள் கூட்டம் பெருகினால் காடு கெட்டுவிடுமே என்ற கவலையும் உண்டு. நெகிழிப் புட்டிகளையும் உணவுப் பொட்டலங்களையும் பாதையோரம் வீசிச்செல்வோர் இருக்கும்வரை அக்கவலை பொய்யாகாது. இக்காடுகள் வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல. 1927ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர், ஜொகூருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு பூலாய் மலைப் பகுதியின் நீரைப் பெற்றது. மலைக்காடு மழையைத் தாங்கி, மண்ணில் ஊறவைத்து, சிறுகச் சிறுக ஓடைகளில் விடுவதால்தான் அணைகளுக்கும் குழாய்களுக்கும் நீர் வருகிறது. இதைப் பாடநூலில் படித்த பிள்ளையைவிட, ஓடையில் கைவைத்துப் பார்த்த பிள்ளை காட்டை அதிகம் நேசிக்கும். அந்தப் பிள்ளை குப்பையைக் கையோடு கொண்டுவரும். அதைப் பார்த்துப் பெரியவர்களும் திருந்துவர்.

குடும்பங்களின் ஆர்வம் மட்டும் போதாது; பாதைகளைப் பேணுவோர்க்கும் இதில் பங்குண்டு. ஆல்ப்ஸ் மலை நாடான சுவிட்சர்லாந்து இதற்கு நல்ல முன்மாதிரி. நடைபாதைகளையும் மலைப்பாதைகளையும் அரசியலமைப்பிலேயே இடம்பெறச் செய்ய, 1979ஆம் ஆண்டு அந்நாட்டு மக்கள் வாக்களித்தனர். இன்று அங்கு ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் நீளத்திற்குப் பாதைகள் உள்ளன. எளிய பாதைக்கு மஞ்சள், கடினமான மலைப்பாதைக்கு வெள்ளையும் சிவப்பும், மிகக் கடினமானவற்றிற்கு வெள்ளையும் நீலமும் என நிறங்களால் அவை வகைப்படுத்தப்பட்டுள்ளன. வழிகாட்டிப் பலகைகளில், அவ்விடத்தை அடைய எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கும். ஒரு தாய்க்கும் ஒரு தாத்தாவுக்கும் தேவையான செய்தி அதுவே. ஜொகூரின் மலைகளிலும் இத்தகைய பலகைகள் நிறுவப்பட வேண்டும். “இப்பகுதி எளிது, சென்று திரும்ப நாற்பது நிமிடம்” என்ற ஒரு வரி, வாகன நிறுத்துமிடத்தில் தயங்கி நிற்கும் குடும்பத்திற்குத் துணிவு தரும். “இதற்குமேல் பாதை கடினம்” என்ற மற்றொரு வரி விபத்தைத் தடுக்கும். பெருஞ்செலவில்லாத இப்பணியில் பள்ளிகளின் சாரணர் இயக்கமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் வனத்துறைக்குத் துணைநிற்கலாம்.

எவரெஸ்ட் உச்சியை எல்லாராலும் அடைய முடியாது. எல்லாரும் அடைய வேண்டிய தேவையும் இல்லை. ஆனால், ஒரு சனிக்கிழமைக் காலையில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஐம்பது படிகள் ஏறுவது எல்லாராலும் இயலும். மேலே ஏதேனும் ஒரு கல்லில் அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியையோ நாசி லெமாக்கையோ பகிர்ந்து உண்டுவிட்டு இறங்கிவரலாம். பாட்டிக்கும் பேரனுக்கும் அந்த நாள் நினைவில் நிற்கும். ஆகவே, இந்த வார இறுதியில் வீட்டில் யாரேனும் ஒருவர் “மலைக்குப் போவோமா?” என்று கேட்க வேண்டும். அந்த ஒருவர் மாணவராகவும் இருக்கலாம்.