ஆகாரம் மறுக்கும் மீனும் அவசர மருந்தும்

காட்சித் தொட்டியிலுள்ள மீன் இரண்டு நாள் ஆகாரத்தைத் தொடாவிடில், குடலில் ஒட்டுண்ணி புகுந்துவிட்டதெனத் தீர்மானித்து, கைக்கு அகப்பட்ட மருந்தை நீரில் கரைத்துவிடும் வழக்கம் பள்ளிகளிலும் வளர்ப்போரிடத்தும் பரவி வருகிறது. இவ்வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆகாரம் மறுத்தல் ஒரு நோயன்று. பல கோளாறுகளுக்குப் பொதுவான அறிகுறியேயாகும். நீரில் அம்மோனியா சேர்ந்தாலும், குளிர் மிகுந்தாலும், உடனுறையும் மீன் துரத்தினாலும் மீன் உண்ணாது. முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும் திலேப்பியாத் தாய்மீனும் உண்பதில்லை. அதற்கும் புழு மருந்திட்ட ஆசிரியர் ஒருவரை நாம் அறிவோம்!

உண்மையாகவே குடலில் ஒட்டுண்ணி இருப்பினும், மருந்தை நீரில் கலப்பது முதல் வழியன்று. நன்னீர் மீனின் உடலில் உப்பு மிகுதி. சூழ்ந்துள்ள நீரில் குறைவு. ஆகவே செவுள் வழியாக நீர் தானே உட்புகுகிறது. மீன் அதை வெளியேற்றப் பாடுபடுமேயன்றி, வாயால் பருகுவது மிகச் சிறிதே. (கடல் மீனின் நிலை இதற்கு நேர்மாறு.) எனவே நீரில் கரைந்த மருந்து குடலைச் சென்றடைவது அரிது. ஆகாரத்தில் கலந்த மருந்தே நேரே சென்று சேரும். ஆனால் மீன் முற்றிலும் உண்ண மறுத்தபின் அவ்வழி அடைபட்டுவிடுகிறது. ஆகவே கவனிக்க வேண்டிய காலம் அதற்கு முந்திய காலமே. வாயில் வாங்கிய ஆகாரத்தைத் துப்புதல், வயிறு ஒட்டுதல், நிறம் கருத்தல், வெண்ணிற நூல் போன்ற மலம் ஆகியவற்றைக் கண்டவுடனே செயற்பட வேண்டும்.

வெண்மலம் ஒன்றையே சான்றாகக் கொள்ளுதலும் தவறு. வெறும் வயிற்றுடன் கிடக்கும் மீனும் அவ்வாறே கழிக்கும். பள்ளியில் நுண்ணோக்கி இருக்கிறதல்லவா? புதிய மலத்தில் சிறு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, 400 மடங்கு உருப்பெருக்கத்தில் உடனே நோக்குக. டிஸ்கஸ், ஏஞ்சல் மீன்களில், பழைய நூல்கள் ஹெக்ஸாமிட்டா என்று கூறிய கசையிழை உயிரிகள் விரைந்தோடக் காணலாம். இன்று இவற்றை ஸ்பைரோநியூக்ளியஸ் என்பர். தாமதித்தால் அவை இறந்து, அடையாளம் தெரியாமற் போகும். கப்பி மீனின் ஆசனவாயில் செந்நூல் போல் நீட்டிக்கொண்டிருப்பது கமல்லானஸ் என்னும் உருளைப்புழு. இதற்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். மீன் அசையாது நிற்கையில்தான் அது நன்கு தென்படும்.

இவ்விரண்டிற்கும் மருந்து வேறு. கசையிழை உயிரிக்கு மெட்ரோனிடசோல்: மீன் சிறிதேனும் உண்ணுமாயின், 100 கிராம் ஆகாரத்தில் 1 கிராம் வீதம் ஜெலட்டினுடன் பிசைந்து 5 நாள் கொடுக்கலாம். உண்ணாவிடில் தனித் தொட்டியில், 40 லிட்டர் நீருக்கு 250 மில்லிகிராம், நாள்தோறும் பாதி நீரை மாற்றிய பின் 5 நாள். இது இரண்டாந்தரமான வழியே. எனினும் வேறு வழியில்லை. உருளைப்புழுவுக்கு இம்மருந்தால் பயனில்லை. லெவாமிசோல் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம், வெளிச்சம் படாமல் ஒரு நாள் வைத்தல் வேண்டும். அது புழுவைச் செயலிழக்கச் செய்து குடலினின்றும் விழச்செய்வது. விழுந்த புழுவின் உடலில் உயிருள்ள இளம்புழுக்கள் இருக்குமாதலால், தொட்டியின் அடித்தளத்தைக் குழாய் கொண்டு உறிஞ்சித் தூய்மை செய்யாவிடில் சிகிச்சை வீண். இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் மீண்டும் ஒருமுறை செய்தல் நலம்.

கள ஊழியர்கள் மற்றொன்றையும் வளர்ப்போருக்கு வற்புறுத்த வேண்டும். மெட்ரோனிடசோல் மனிதருக்குரிய மருந்து. மருத்துவர் சீட்டின்றி விற்கப்படலாகாதது. உணவு மீன் வளர்ப்பில் அதன் உபயோகம் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அலங்கார மீன் தொட்டியின் மருந்து நீரைப் பக்கத்துக் கெண்டைக் குளத்தில் ஊற்றுவோர் உளர். அந்நீரைக் கரிவடிகட்டியில் ஒரு நாள் ஓடவிட்டு, குளத்திற்கும் கிணற்றிற்கும் அப்பாலுள்ள தரையில் ஊற்றச் சொல்லுக.