மேடைப் பேச்சும் எங்கள் பிள்ளைகளும்



சென்ற தவணையில் ஒருநாள் இடைவேளை நேரம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் விறாந்தையில் 'மீட்டிங்' விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாங்கின் மேல் ஏறி, தண்ணீர்ப் போத்தலை மைக்காகப் பிடித்துக்கொண்டு பேசினான். மற்றவர்கள் கைதட்டினார்கள். நம் பிள்ளைகளுக்கும் பேச்சு வருகிறதே என்ற சந்தோஷத்தில் கிட்டப் போனேன். அவன் பேசியது சம்பளத்தைப் பற்றியோ பாதையைப் பற்றியோ அல்ல. அதே வகுப்பில் படிக்கும் ஒரு பெண் பிள்ளையின் அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருப்பதைப் பற்றி. அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்தப் பிள்ளையின் அப்பா வேறு சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர். அந்தப் பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பி நின்றது.

"யார் இதையெல்லாம் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

"போன்ல பார்த்தேன் டீச்சர். தலைவர் இப்படித்தான் பேசுனாரு. எல்லாரும் சிரிச்சாங்களே."

எந்தத் தலைவர் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றப் பக்கத்தார் இந்தத் தாளைப் படம் பிடித்து முகநூலில் போட்டு, அதை வைத்து இன்னொரு சுற்றுச் சிரிப்பார்கள். எங்கள் மேடையிலும் இது நடந்திருக்கிறது. நானும் கீழே உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குச் சம்பளக் கணக்கை விளக்கினால் கொட்டாவி வருகிறது. எதிராளியின் பிறப்பை, சாதியை, வீட்டுப் பெண்களை, உடம்பை இழுத்தால் கூட்டம் எழுந்து உட்காருகிறது. இது பேசுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதைப் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாமா? நமது வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இந்த நாட்டில் ஒரு கூட்டத்தின் உரிமையில் கை வைப்பதற்கு முன்னால், அந்தக் கூட்டத்தைக் கேலிப் பொருளாக்கும் வேலை நடந்திருக்கிறது. வருத்தம் என்னவென்றால், அந்த வேலையைச் செய்தவர்களில் தொழிற்சங்கத் தலைவர்களும் இருந்தார்கள். ஏ. ஈ. குணசிங்க 1920களில் கொழும்புத் தொழிலாளரை எல்லா இனத்தவரையும் சேர்த்துத் திரட்டியவர். 1923 பொது வேலைநிறுத்தத்தை நடத்தியவர். 1930களில் பொருளாதார மந்தம் வந்து வேலை இல்லாமல் போனபோது, அவரே மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். அவருடைய பத்திரிகையும் அந்தப் பேச்சையே பேசியது. சம்பளத்தை வெட்டிய முதலாளி ஒரு பக்கம் இருக்க, பக்கத்தில் நின்று மூட்டை தூக்கிய மலையாளி எதிரியானான். 1939இல் அரசாங்கமே தனது திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கியது.

அடுத்தது எங்கள் முறை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம். 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையை எடுத்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 'கள்ளத்தோணி' என்ற சொல்லை எங்கள் தாத்தா பாட்டிமார் கடையில், பஸ்ஸில், கச்சேரி வாசலில் கேட்டார்கள். அந்தச் சொல் பழகிப்போன நாட்டில், 1964இல் இரண்டு பிரதமர்கள் டெல்லியில் உட்கார்ந்து 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எங்களைப் பங்கு பிரித்தது பெரிய அதிசயமாகப் பலருக்குத் தெரியவில்லை. எங்கள் வாக்கில் மறுபடி ஒருவர் பாராளுமன்றம் போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் பழைய கதை என்று சொல்ல முடியாது. 2020ஆம் ஆண்டைப் பாருங்கள். கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும், எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைப்பது முஸ்லிம் மக்களின் மார்க்கக் கடமை. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையின் உடலைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். பொரளை மயானத்தின் கம்பி வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அதற்கு முந்தின வருடமெல்லாம் முஸ்லிம் கடை, முஸ்லிம் சாப்பாடு, முஸ்லிம் டாக்டர் என்று மேடையிலும் போனிலும் ஓடிய பேச்சை நினைத்துப் பாருங்கள். எங்கள் லயங்களிலும் அந்த வீடியோக்களைப் பகிர்ந்தவர்கள் உண்டு. 2021 பெப்ரவரியில்தான் புதைக்க அனுமதி கிடைத்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்தத் தாய்க்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

இப்போது தோட்டத்துக்கு வருவோம். 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. பல தோட்டங்களில் கொழுந்துக் கிலோவைக் கூட்டினார்கள். குறைந்தால் அரைப் பேர். அந்த நேரத்தில் எங்கள் மேடைகளில் என்ன நடந்தது? ஆயிரத்தை வாங்கித் தந்தது நீயா நானா என்று தொடங்கி, உன் அப்பன் யார், என் அப்பன் யார் என்பதில் வந்து நின்றது. கூட்டின கிலோவைப் பற்றிப் பேச நேரம் இருக்கவில்லை. துரைமார் யாரும் மேடை ஏறி எங்களைத் திட்டத் தேவைப்படவில்லை. அந்த வேலையை நாங்களே சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டோம்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், இரண்டு கிலோ குறைவு என்று ஒரு அக்காவுக்கு அரைப் பேர் போட்டார்கள். மழை நாள், அந்த மலையில் கொழுந்தும் இல்லை. பக்கத்து நிரையில் எடுத்த பெண்களுக்கு இது தெரியும். ஆனால் தேர்தல் நேரத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் நாறடித்திருந்ததால், பிரட்டுக்களத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த அக்கா என்னிடம், "காசு போனது பரவாயில்ல டீச்சர், நான் அழுதப்ப ரெண்டு பேரு சிரிச்சாங்க" என்றார். அடுத்த வாரம் அந்த இரண்டு பேருக்கும் அரைப் பேர்தான்.

கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சந்தாப் பணம் எங்கே போனது, வீட்டுப் பட்டியலில் ஏன் இந்தப் பெயர் இல்லை, கொடுத்த வாக்கு என்ன ஆனது என்று எந்தத் தலைவரையும் முகத்துக்கு நேரே கேட்கலாம்; கேட்கத்தான் வேண்டும். கோபமாகவே கேளுங்கள். அதற்கு அவருடைய தாயும் மனைவியும் சாதியும் எதற்கு?

பள்ளிக்கூடத்தில் மறுநாள் அந்தப் பையனை மறுபடி வாங்கில் ஏற்றினேன். ஆட்களைப் பற்றிப் பேசக் கூடாது, லயத்தில் என்ன குறை என்று மட்டும் பேசு என்றேன். கொஞ்ச நேரம் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, பீலியில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பித்தான். யாரும் கைதட்டவில்லை. ஆனால் நாலைந்து பிள்ளைகள் தங்கள் லயத்திலும் வரவில்லை என்றார்கள். அந்தப் பெண் பிள்ளை அன்று பள்ளிக்கு வரவில்லை.

மே தினக் கூட்டங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. தோட்டக் கமிட்டிகளும் மாதர் சங்கங்களும் இந்த மாதக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மேடையில் யாராவது ஒருவரின் பிறப்பை, சாதியை, மதத்தை, வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசினால், தலைமை தாங்குகிறவர் எழுந்து மைக்கை வாங்கிவிட வேண்டும். பேசுகிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி. கமிட்டியின் முடிவை எழுதிக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பேச்சாளர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. எனக்கும் இதே விதிதான்.