மூன்று சக்கரம் என்றால் உதறத்தான் வேண்டுமா?

"மூணு சக்கர வண்டின்னா வேகத்துல உதறத்தான் சார் செய்யும்." தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரை எந்த ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டாலும் இந்தப் பதில் வரும். 45, 50 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில் நடுங்கி, ஓட்டுநரின் முழங்கை வரை ஏறும் உதறலை வண்டியின் பிறவிக் குணமாகவே பலரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். முன்பு இதனால் பெரிய தொல்லை இல்லை. சேலையூர், கேம்ப் ரோடு, மாடம்பாக்கம் என்று உள்ளூர்ச் சவாரி போகிற வண்டி 30ஐத் தாண்டுவதே அரிது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் நிலைமை வேறு. பெட்டியும் குடும்பமுமாக ஏறும் பயணிகளோடு, பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையில் ஓடுகிறது அதே ஆட்டோ. உதறலுக்குக் காரணம் தேடாமல் விடுவது இனி சரிவராது.

முதலில் அந்தப் பிறவிக் குணக் கதை. மூன்று சக்கர அமைப்பில் இயல்பான ஆட்டம் ஒன்று இருப்பது உண்மைதான். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் 2009 மாடலாக விற்பனைக்குக் கொண்டுவந்த 'டிரை கிளைடு' மூன்று சக்கர பைக்கில், ஹேண்டிலின் நடுக்கத்தை அடக்கவே ஸ்டியரிங் டேம்பர் வைத்தார்கள். ஆனால் இவ்வகை வண்டிகளில் அந்த நடுக்கம் பெரும்பாலும் தெரிவது மெதுவாகப் போகும்போது. வேகம் கூடினால் அடங்கிவிடும். நம் ஆட்டோவில் கதை தலைகீழ். 30ல் சாதுவாக இருக்கும் வண்டி 50ல் உதறுகிறது. இது அமைப்பின் குணமல்ல, ஏதோ ஒரு பாகத்தின் கோளாறு.

ஏன் வேகத்தில் மட்டும் தெரிகிறது? ஆட்டோவின் 4.00-8 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.3 மீட்டர் ஓடும். 50 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பத்துப் பதினோரு சுற்று. டயரின் ஓரிடத்தில் 50 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 கி.மீ. வேகத்தில் அது சக்கரத்தை ஒரு கிலோவுக்குச் சற்று மேலான விசையோடு வெளியே இழுக்கும். வேகம் இரட்டித்து 50 ஆனால் விசை நான்கு மடங்காகும். சுமார் நாலரைக் கிலோ. நொடிக்குப் பத்து முறை நாலரைக் கிலோ அடி விழுந்தால் ஹேண்டில் சும்மா இருக்குமா?

"ரோடு சரியில்ல" என்பது அடுத்த சமாதானம். சாலைப் பள்ளம் இடத்துக்கு இடம் மாறும். சக்கரக் கோளாறு வேகத்துக்கு வேகம் மாறும். வண்டலூர் பக்கமும் வேளச்சேரி சாலையிலும் அதே 45ல் அதே உதறல் வந்தால் சாலையைக் குறை சொல்ல இடமில்லை.

"என்ஜின் மவுண்ட் போயிருக்கும், மாத்திடலாம்" என்று பட்டறையில் சொன்னால் உடனே பணத்தை எடுக்க வேண்டாம். என்ஜின் 4000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 66 அதிர்வு. அது கைப்பிடியிலும் சீட்டிலும் 'கிர்ர்' என்று ஓடும் நுண்ணதிர்வு; ஹேண்டிலை இடவலமாக ஆட்டாது. ஐயம் இருந்தால், போக்குவரத்து இல்லாத காலை நேரத்தில், ஹேண்டிலை இரு கையாலும் பிடித்தபடி, உதறும் வேகத்தில் ஆக்சிலேட்டரை விட்டுக் கிளட்சைப் பிடித்துப் பாருங்கள். என்ஜின் சுற்று இறங்கியும் உதறல் தொடர்ந்தால் என்ஜின் நிரபராதி. உடனே நின்றால் என்ஜின் பக்கமோ டிரைவ் ஷாஃப்ட் பக்கமோ தேடலாம். நின்ற இடத்தில் நியூட்ரலில் ஆக்சிலேட்டரை முறுக்கும்போதும் வந்தால் மவுண்டைப் பார்க்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கலாம்.

அதிகம் பேரைக் கெடுப்பது "கோன் செட்டை டைட் பண்ணினா போதும்" என்ற யோசனைதான். ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட் தேய்ந்து ஆட்டம் இருந்தால் உதறல் பெரிதாகத் தெரியும், மறுப்பில்லை. ஆனால் வெகுநாள் நேராகவே ஓடி, குண்டுகள் உட்கார்ந்து பள்ளம் விழுந்த கோன் செட்டை முறுக்கி இறுக்கினால், ஹேண்டில் நேர்நிலையில் சிக்கிக்கொள்ளும். உதறல் குறைந்ததுபோல் தெரியும். அவசரத்துக்கு ஒடிக்கும்போது வண்டி தாமதமாகத் திரும்பும். இது பழுதை மறைப்பது. அதோடு புது ஆபத்தையும் உண்டாக்குகிறது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு விரலால் தள்ளினால் நடுவில் 'டக்'கென்று நிற்கிறதா என்று தெரிந்துவிடும். நின்றால் மாற்றத்தான் வேண்டும்.

செலவே இல்லாத சோதனை ஒன்று ஒவ்வொரு ஆட்டோவிலும் இருக்கிறது. முன்னும் பின்னும் ஸ்டெப்னியும் ஒரே அளவு. முன் சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் போட்டு, நல்ல ஸ்டெப்னியை முன்னால் மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஹேண்டில் அடங்கி, உதறல் பின்சீட்டுக்குப் போய்விட்டால் குற்றவாளி அந்தச் சக்கரமேதான். கழற்றிய சக்கரத்தில் பார்க்க வேண்டியவையும் உண்டு. இந்த ரிம் இரண்டு பாதியாகப் பிரிந்து நட்டில் சேர்வது. பஞ்சர் ஒட்டியபின் துருவையும் மண்ணையும் துடைக்காமல் சேர்த்தாலோ, நட்டுகளைக் குறுக்கு மறுக்காக முறுக்காமல் ஒரே பக்கமாக முறுக்கினாலோ ரிம் கோணும். தூக்கி நிறுத்திய சக்கரத்தின் ஓரத்தில் சாக்பீஸைப் பிடித்துச் சுற்றினால், கோணல் உள்ள இடத்தில் மட்டும் கோடு விழும். ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் டயர் சரியாக உட்காரவில்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பேரிங். புது டயர் வாங்கியும் உதறல் போகவில்லை என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பழைய ரிம்மைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"மெதுவா ஓட்டினா சரியாயிடும்" என்பதும் பதிலாகாது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் ஆட்டோவுக்கு 40 கி.மீ. உச்சவரம்பு வைத்தது நல்ல விதி. அதை மதிக்க வேண்டும். ஆனால் 40க்குள் உதறல் மறையுமே தவிர, தளர்ந்த நட்டு இறுகிவிடாது. எஃப்சி (தகுதிச் சான்று) வாங்கிய வண்டி என்ற தைரியமும் வேண்டாம். அந்தச் சோதனையில் யாரும் 50ல் ஓட்டிப் பார்ப்பதில்லை.

மாற்றுத்திறனாளிகள் ஓட்டும், பின்னால் இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டருக்கும் இதே தேடல் பொருந்தும். அதில் கூடுதலாக இரண்டைப் பார்க்க வேண்டும்: இணைப்புச் சட்டத்தின் போல்ட்டுகள், இரு பக்க டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா என்பது. இந்த வண்டியில் திடீரென்று ஏதாவது ஆனால் அதை ஓட்டுகிறவர் சட்டென்று காலூன்றித் தப்ப முடியாது. ஆகவே பஞ்சர் கடைக்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒரு வேண்டுகோள்: உதறல் என்று சொல்லி வருகிறவரிடம் "இது இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். ஜாக்கியை வைத்து முன் சக்கரத்தை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.