உழைப்பாளியின் உச்சிவேளை ஆகாரம்

மனித சரீரத்துக்கு நாளொன்றுக்கு எவ்வளவு ஆகாரம் வேண்டும் என்று கேட்டால், பசி தீருமளவு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் சரீரம் தன் சக்திக்கு ஒரு கணக்கும், ரத்தமும் தசையும் விருத்தியாவதற்கு வேறொரு கணக்கும் வைத்திருக்கிறது என்பதையும், முதற்கணக்கு நேரான மாத்திரத்தில் இரண்டாவதும் நேராகிவிடாது என்பதையும், சிவகாசி வட்டாரத்துத் தொழிலாளிப் பெண்ணின் தூக்குவாளியைத் திறந்து பார்த்தால் அறியலாம்.

விடியுமுன் சமைத்து, கம்பெனி வேன் வருவதற்குள் அவசரமாக அடைத்த சோறு, அதன்மேல் புளிக்குழம்பு, ஓரத்தில் ஊறுகாய். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த பிரமாணப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு, உட்கார்ந்து செய்யும் வேலையாயின் 1,660 கிலோ கலோரியும், நடுத்தர உழைப்பாயின் 2,130ம், கடும் உழைப்பாயின் 2,720ம் வேண்டும். சரவெடி பின்னுவதும் தீக்குச்சி அடுக்குவதும் முதுகையும் கண்ணையும் வாட்டியெடுத்தாலும், இந்தக் கணக்கில் கடும் உழைப்பாகா. நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கிலோ கலோரி இருப்பதால், சோறே சக்தியின் கணக்கைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். ஆயினும் அவளுக்கு அன்றாடம் அவசியமான 46 கிராம் புரதமும் 29 மில்லிகிராம் இரும்புச்சத்தும் அந்தச் சோற்றில் கிட்டுவதில்லை. நூறு கிராம் வெள்ளை அரிசியில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை, அதே அளவு கம்பிலோ ஆறு மில்லிகிராமுக்கு மேல் உண்டு.

பருப்பு வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகர் பக்கத்திலேயே இருக்க, கம்பும் குதிரைவாலியும் விளைந்த கரிசல் பூமியில் இந்தக் குறை நேர்வது விசித்திரமே. அரிசியில் குறைவான லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுதியாதலால், இரண்டும் சேரும்போதுதான் புரதம் பூரணமாகிறது. சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. ஒரு நெல்லிக்காயோ இரும்பு சேர்வதற்குத் துணைசெய்கிறது.

இவற்றைத் தெரிந்துகொண்டு அவளே சமைத்துக்கொள்ளட்டுமே என்பார் உண்டு. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவளுக்கு, அதிகாலைப் பொழுதும் கைக்காசும் அளந்து கிடைப்பவளுக்கு, உபதேசத்தால் ஆவதென்ன? விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்க முன்வந்தபோது, பெற்றோருக்குப் போதனை செய்து நிறுத்திக்கொள்ளவில்லை, சோற்றையே போட்டார்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேற்பட்ட ஆலைகளுக்கே உணவுச்சாலையை விதிக்க இடம்கொடுத்தது. எந்த எண்ணை வரம்பாக்கினாலும் சிறு ஆலைகள் அதற்கு வெளியே நின்றுவிடும். ஆகவே, அடுத்தடுத்துள்ள பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளின் முதலாளிகள் ஒன்றுகூடி, வெடிமருந்துக் கூடங்களுக்குப் பத்திரமான தூரத்தில் ஒரு பொதுச் சமையற்கூடம் அமைத்து, கெட்டியான சாம்பாரும் கீரையும் முட்டையும், வாரத்தில் சில நாள் கம்பஞ்சோறும் அளிக்க முன்வர வேண்டும். அதற்கு அரசு பாதிச் செலவை ஏற்பதும் நியாயமே. இதைத் தருமமாகக் கருத வேண்டாம். கூலியின் ஒரு பகுதியாகவே கருதட்டும்.